ஓர் ஏரியின் நாரைக் கணக்கு: காவிரிக் கடைமடையில் தன்னார்வப் பறவைக் கணக்கெடுப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வு திருவாரூர் மாவட்டத்தின் தென்பகுதியில், மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட ஒரு கடைமடைக் கிராமத்தில் நடந்தது. ஊரின் பெயரையும் ஏரியின் பெயரையும் இங்கே தரவில்லை. அதற்கான காரணம் பின்னால் வரும். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும் என்றாலும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்த ஏரி வாய்க்கால் நீரில் பாதி நிரம்பி, ஐப்பசி கார்த்திகை மழையில்தான் கரையைத் தொடும். சம்பாவும் தாளடியும் இதன் பாசனப் பரப்பான ஆயக்கட்டில் விளைகின்றன. மார்கழி, தை மாதங்களில் நத்தைகுத்தி நாரைகளும், வெள்ளை அரிவாள் மூக்கன்களும், வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் இங்கே கூடுவதை ஊரார் தலைமுறைகளாகப் பார்த்துவருகிறார்கள்.

இதே மாவட்டத்தில் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் என்று இரண்டு பறவைகள் சரணாலயங்கள் உள்ளன. இரண்டும் 2022-இல் ராம்சார் ஈரநிலங்களாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றவையாக, அறிவிக்கப்பட்டன. கிழக்கே கடலோரத்தில் உள்ள கோடியக்கரை 2002 முதலே அப்பட்டியலில் இருக்கிறது. இவ்விடங்களில் பறவைகளை எண்ணுவதற்கு வனத்துறையும் ஆய்வாளர்களும் வருகிறார்கள். ஆனால் டெல்டாவின் நீர்ப்பறவைகள் காலையில் ஒரு வயலிலும் நண்பகலில் ஒரு குளத்திலும் இரவில் வேறோர் ஏரியிலும் இருப்பவை. சரணாலயங்களுக்கு இடையே கிடக்கும் எண்ணற்ற ஊர்க்குளங்களில் அவை என்ன ஆகின்றன என்பதை அந்தந்த ஊரார் எழுதி வைத்தால்தான் தெரியும். தன்னார்வக் கணக்கெடுப்பின் உண்மையான பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இந்த ஊரில் அப்படி எழுதி வைக்க ஒரு சிறு குழு உருவாகியிருந்தது. அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர், ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடும் மூத்த விவசாயி ஒருவர், சில கல்லூரி மாணவர்கள், திருப்பூரில் வேலை பார்த்து ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊர் திரும்பும் இளைஞர் ஒருவர் ஆகியோர் அதில் இருந்தனர். இனங்காண்பதில் உதவுவதற்காக நானும் அவர்களோடு இணைந்திருந்தேன். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாட்களுக்கு நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இக்குழு தொடர்ந்து பங்கேற்றது. பட்டியல்கள், பறவை ஆர்வலர்கள் தாம் கண்ட பறவைகளைப் பதிவிடும் ஈபேர்டு என்னும் இணையதளத்தில் பதிவாயின.

அத்தளத்தில் ஒரு பட்டியல் இடும்போது பறவைகளின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் கேட்கப்படுவதில்லை. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, நின்ற இடத்திலிருந்தா அல்லது நடந்துகொண்டா, நடந்தால் எவ்வளவு தூரம், எத்தனை பேர், அடையாளம் கண்ட எல்லா இனங்களும் பட்டியலில் உள்ளனவா என்பனவும் கேட்கப்படுகின்றன. இவற்றைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் ஓர் ஆண்டின் பட்டியலை இன்னோர் ஆண்டின் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள். 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 942 இனங்களின் நிலையை மதிப்பிட்ட 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இவ்வகைப் பட்டியல்களால்தான் சாத்தியமானது. குழுவினர் எண்ணிக்கையை அக்கறையோடு எழுதினார்கள். நேரத்தையும் தூரத்தையும் குறிக்கும் கட்டங்களை நிரப்பியாக வேண்டிய சடங்காகவே பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஜனவரியில் காணப்பட்டது

நிகழ்வு நடந்த ஆண்டில் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கணக்கெடுப்பு நடந்தது. முடிவில் எழுதப்பட்ட பட்டியல் எல்லோரையும் கலங்கச் செய்தது. நத்தைகுத்தி நாரைகள் முந்தைய ஆண்டுகளின் பதிவில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அரிவாள் மூக்கன்களும் அவ்வாறே குறைந்திருந்தன. வலசை வாத்துகளான நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் கைவிரல் எண்ணிக்கைக்கு இறங்கியிருந்தன. முன்பெல்லாம் தாமரை இலைகளின் மேல் நடந்து திரிந்த நீளவால் இலைக்கோழி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நீலத் தாழைக்கோழிகளும் இல்லை. புள்ளிமூக்கு வாத்து, முக்குளிப்பான், நீர்க்காகம் ஆகியவை மட்டும் பழைய அளவில் இருந்தன.

அதே ஆண்டில் ஊரில் இரண்டு மாற்றங்கள் நடந்திருந்தன. முதலாவது, ஏரியின் மீன்பிடி குத்தகை புதியவர் ஒருவருக்கு ஏலம் போயிருந்தது. அவர் மீன்குஞ்சுகளைக் காப்பதற்காக நீர்க்காகங்களை விரட்டப் பட்டாசு வெடிப்பதை ஊரார் கேட்டிருந்தனர். இரண்டாவது, முந்தைய கோடையில் ஏரி தூர்வாரப்பட்டு, வண்டல் மண்ணை விவசாயிகள் தங்கள் வயல்களுக்கு எடுத்துச் சென்றிருந்தனர். முதலாவது மாற்றம் சத்தத்தோடு வந்ததால் எல்லோர் நினைவிலும் நின்றது. இரண்டாவதை ஊர் ஒரு நன்மையாகவே கண்டது. பறவைகளோடு அதைச் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.

எனவே அன்று மாலைக்குள் குழுவிலும் ஊரிலும் ஒரே கருத்து பரவியது: பட்டாசுக்குப் பயந்து பறவைகள் ஊரை விட்டுப் போய்விட்டன. ஜனவரி 26 கிராம சபையில் குத்தகையை ரத்து செய்யக் கோரும் தீர்மானம் கொண்டுவர மாணவர்கள் மனு எழுதத் தொடங்கினர். உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் எண்ணிக்கையைக் கேட்டு அழைத்தார். பழைய ஆண்டின் உச்ச எண்ணிக்கையையும் இந்த ஆண்டின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தயாராக இருந்தது.

மனுவைத் தள்ளிவைத்த முடிவு

மனுவைப் படித்த மூத்த விவசாயி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாரை காணலைங்கிறீங்க. ஆனா நேத்து விடியக்காலை என் வயல்ல நடவு ஆளுங்க மாதிரி வரிசையா நின்னுச்சே, அது எந்த ஊரு நாரை?" அவருடைய வயல் ஏரியிலிருந்து அரை மணி நேர நடைத் தொலைவில் உள்ளது. அறுவடைக்கு முன் நீர் வடிக்கப்பட்ட அந்தத் தாழ்ந்த வயலில் நத்தைகள் சேற்றில் தங்கியிருந்தன. நாரைகள் அவற்றைத் தேடி இறங்கியிருந்தன.

இக்கேள்வியைக் குழு பெரிதாக எடுத்துக்கொண்டது என்பதே இந்நிகழ்வின் திருப்பம். ஆசிரியை, கிராம சபைக்கு இன்னும் பத்து நாட்கள் இருப்பதால் செய்தியாளருக்கு எண்ணிக்கை தருவதையும் மனுவை அளிப்பதையும் தள்ளிவைக்கலாம் என்றார். மாணவர்களில் சிலர் இதை ஏற்கவில்லை. தாமதித்தால் குத்தகைதாரர் ஊர்ப் பெரியவர்களைச் சரிக்கட்டிவிடுவார் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். கிராமத்தில் ஏலம் சார்ந்த விஷயங்கள் பலவும் அப்படித்தான் முடிகின்றன. இருந்தாலும், ஒரு மனிதரின் பிழைப்பைப் பறிக்கக் கோரும் மனுவில் வைக்கப்படும் எண் சோதிக்கப்படாததாக இருக்கக் கூடாது என்ற ஆசிரியையின் வாதமே இறுதியில் நின்றது. அந்த எண் தவறென்று பின்னால் தெரியவந்தால், அடுத்த பத்தாண்டுகளுக்கு இவ்வூரில் பறவைக் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள் என்றும் அவர் சொன்னார்.

மூன்று வேலைகள் பகிர்ந்துகொள்ளப்பட்டன. பழைய பட்டியல்கள் அனைத்தையும் நேரம், தூரம் உட்பட எடுத்து ஒப்பிடுவது. விடியலுக்கு முன்பும் அந்தி நேரத்திலும் ஏரியில் மறுபடி எண்ணுவது. குத்தகைதாரரை நேரில் சந்தித்துப் பேசுவது.

பழைய பட்டியல்கள் சொன்னது

திருப்பூர் இளைஞரும் ஒரு மாணவியும் பட்டியல்களை வரிசைப்படுத்தினர். முதல் வேறுபாடு உடனே தெரிந்தது. முந்தைய ஆண்டுகளில் எண்ணல் காலை 6 மணியையொட்டித் தொடங்கியிருந்தது. இந்த ஆண்டு தைப் பனி ஏரியை மூடியிருந்ததால், மறுகரை தெரியும்வரை காத்திருந்து 8.30 மணிக்கு மேல்தான் தொடங்கினார்கள். நத்தைகுத்தி நாரை இரவில் ஏரியின் கருவேல மரங்களில் அடைந்து, வெளிச்சம் வந்ததும் வயல்களுக்குக் கலையும் பறவை. எட்டரை மணிக்கு ஏரியில் மிஞ்சியிருப்பவை சோம்பிய சில பறவைகளே.

இங்கே உதயமார்த்தாண்டபுரத்தோடு ஓர் ஒப்பீடு அவசியம். அங்கே நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டுகின்றன. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டில் தாய் தந்தையரில் ஒன்று பகலிலும் தங்கியிருக்கும். ஆகவே பத்து மணிக்குச் சென்றாலும் கூடுகளை எண்ணி ஒரு நம்பகமான கணக்கை எடுத்துவிடலாம். இந்த ஊரின் ஏரி கூடு கட்டுமிடம் அன்று. இரவு அடையும் இடம் மட்டுமே. அடையுமிடத்தில் நேரம் ஒரு மணி தவறினாலும் கணக்கு முழுவதும் மாறிவிடும். மாணவர்கள் சரணாலயத்தில் பெற்ற அனுபவத்தை இங்கும் பொருத்தியிருந்தார்கள். இரு இடங்களிலும் பறவை ஒன்றுதான் என்பதால் எண்ணும் முறையும் ஒன்றுதான் என்று தோன்றுவது இயல்பே.

இரண்டாவது வேறுபாடு எதிர்பாராதது. வாட்ஸ்அப் படத்தில் உச்ச எண்ணிக்கையாகக் காட்டப்பட்டிருந்த ஆண்டில், ஒரே காலையில், ஒரே கரையில், ஒரே நேரத்தில் தொடங்கிய மூன்று பட்டியல்கள் இருந்தன. ஒன்றாக நின்று எண்ணிய மூவர் தனித்தனியே பதிவேற்றியிருந்தனர். ஒருவர் பட்டியலிட்டு மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் வசதி ஈபேர்டில் உண்டு. அப்படிப் பகிர்ந்தால் அவை ஒரே கண்காணிப்பாகக் கருதப்படும். இவர்கள் பகிரவில்லை. படம் தயாரித்த மாணவர் மூன்றையும் வெவ்வேறு கணக்கெடுப்புகள் என்று எண்ணிக் கூட்டியிருந்தார். அந்த உச்சம் உண்மையில் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

மூன்றாவதாக ஒரு சிக்கல் இருந்தது. தொடக்க ஆண்டுகளின் சில பட்டியல்கள் வீடு திரும்பிய பின் நினைவிலிருந்து பதிவானவை. அவற்றில் குறிக்கப்பட்ட நேரம் முழு மணிகளாகவே இருந்தது. நல்வாய்ப்பாக ஆசிரியையிடம் அந்த ஆண்டுகளின் குறிப்பேடு இருந்தது. கோடு போட்ட பள்ளி நோட்டில், ஐந்து ஐந்தாகக் கட்டிய கோடுகளோடு, தொடங்கிய நேரமும் நின்ற இடமும் பென்சிலில் எழுதப்பட்டிருந்தன. அதைப் பார்த்துத் தளத்தில் நேரங்கள் திருத்தப்பட்டன. பட்டியல்களைப் பின்னாலும் திருத்தலாம் என்பதும், திருத்துவது நேர்மையான செயலே என்பதும் மாணவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்தது.

இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபோது நாரைகளின் சரிவு பெரும்பாலும் எண்ணிய விதத்தால் விளைந்தது என்று தோன்றியது. ஆனால் இலைக்கோழிக்கும் நீலத் தாழைக்கோழிக்கும் இவ்விளக்கம் பொருந்தவில்லை. அவை காலை எட்டரை மணிக்கு எங்கும் பறந்துபோவதில்லை; தாமரையும் கோரையும் உள்ள இடத்திலேயே நாள் முழுவதும் மேய்பவை. வாத்துகளின் கதையும் தெளிவாகவில்லை.

மறு கணக்கெடுப்பு

அடுத்த வார இறுதியில் விடியற்காலையில் குழு கரையில் நான்கு திசைகளிலும் பிரிந்து நின்றது. ஏரியை விட்டுப் பறந்து செல்லும் பறவைகளை ஒவ்வொருவரும் தமக்குரிய திசையில் மட்டும் எண்ண வேண்டும். தமக்கும் பக்கத்தவருக்கும் இடையிலான எல்லையை ஒரு பனைமரமோ மின்கம்பமோ கொண்டு முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை எழுதிவிட வேண்டும் என்பவை விதிகள். பெரிய கூட்டமாகப் பறப்பவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் கொண்டு, கூட்டம் முழுவதையும் அந்த அளவால் அளந்து செல்லும் முறையை மாணவர்கள் முந்தைய நாள் மாலையில் மடையான் என்னும் குளத்துக் கொக்கின் கூட்டங்களை வைத்துப் பழகியிருந்தார்கள். ஒவ்வொரு திசையிலும் இருவர் ஒருவரையொருவர் கேட்காமல் எண்ணினர். இருவருடைய எண்ணும் வெகுவாக வேறுபட்டால் சராசரி எடுக்காமல், இரண்டையும் குறிப்பில் எழுதி வைத்தனர். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஐயம் இருக்கும் இடத்தில் ஐயத்தை எழுதி வைப்பது, அதை ஒரு வட்டமான எண்ணுக்குள் மறைப்பதைவிடப் பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

அன்றும் பனி இருந்தது. ஆனால் கரையிலிருந்து மேலே நோக்கும்போது வெளிறிய வானத்தில் பறவைகளின் உருவம் தெரிந்தது. நத்தைகுத்தியின் அலகும், நீட்டிய கழுத்தும், சிறகின் கரிய விளிம்பும் இனங்காணப் போதுமானவையாக இருந்தன. தெளிவாகத் தெரியாதவை வெறும் நாரை என்று மட்டும் பதிவாயின. அந்திநேரத்தில் அடைய வரும் பறவைகளையும் இதே முறையில் எண்ணினர். விடியல் கணக்கும் அந்திக் கணக்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்தன. அவை முந்தைய ஆண்டுகளின் திருத்திய எண்ணிக்கைக்குச் சற்றே குறைவு. சரிவு என்று சொல்லத்தக்க அளவில் இல்லை. அரிவாள் மூக்கன்களும் இருந்தன.

வாத்துகள் விஷயத்தில் மறு கணக்கெடுப்பு முதல் எண்ணிக்கையை உறுதிசெய்தது. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் நீரின் மேற்பரப்பிலும் ஆழமற்ற சேற்றிலும் தலைகவிழ்த்து மேய்பவை. ஒரு சாண், இரண்டு சாண் ஆழமுள்ள நீர்தான் அவற்றுக்கு ஏற்றது. முன்பு ஏரியின் கிழக்குப் பகுதி அப்படித்தான் இருந்தது. தூர்வாரலில் அந்தப் பக்கத்தில்தான் வண்டல் அதிகம் என்பதால் அங்கேயே ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. தாமரைக் கிழங்குகளும் கோரையும் சம்பும் மண்ணோடு லாரியில் ஏறிவிட்டன. மாணவர் ஒருவர் கிழக்குக் கரையிலிருந்து இறங்கியபோது இரண்டாவது அடியிலேயே நீர் இடுப்பைத் தாண்டியது. மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் இந்த ஆழம் தடையாக இல்லை. அவை குறையாமல் இருந்ததன் பொருள் அப்போதுதான் விளங்கியது. ஒரே பட்டியலில் எவை குறைந்தன, எவை குறையவில்லை என்று சேர்த்துப் பார்த்தால், காரணம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பறவைகளே காட்டிவிடுகின்றன. பட்டாசுதான் முதன்மைக் காரணம் என்றால், பட்டாசுக்கு நேர் இலக்கான நீர்க்காகம் அல்லவா முதலில் குறைந்திருக்க வேண்டும்?

வாத்துகள் அந்த ஆண்டு குறைந்ததற்குத் தூர்வாரல் மட்டுமே காரணம் என்று குழு எழுதவில்லை. வலசைப் பறவைகள் ஒரு குளம் ஒவ்வாவிட்டால் அடுத்த குளத்துக்குச் செல்பவை. நல்ல மழை பெய்த ஆண்டில் டெல்டா முழுவதும் தண்ணீர் பரந்திருக்கும்போது அவை சிதறிவிடும். இலைக்கோழிக்கும் நீலத் தாழைக்கோழிக்கும் மட்டும் வாழிட இழப்பே காரணம் என்று ஐயமின்றி எழுத முடிந்தது.

குத்தகைதாரருடன் பேசியது

ஆசிரியையும் மூத்த விவசாயியும் குத்தகைதாரரைப் பார்க்கச் சென்றனர். மாணவர்களை உடன் அழைத்துச் செல்ல வேண்டாம் என்று விவசாயி கூறினார்; கூட்டமாகப் போனால் விசாரணை போலாகிவிடும் என்பது அவர் கருத்து. குத்தகைதாரர் முதலில் கடுமையாகவே பேசினார். ஏலத் தொகையைக் கடன் வாங்கிக் கட்டியிருப்பதாகவும், குஞ்சு விட்ட முதல் மாதத்தில் நீர்க்காகங்கள் பெருமளவு தின்றுவிட்டதாகவும் சொன்னார். பட்டாசு வெடித்ததை மறைக்கவில்லை. நண்பகலில், குஞ்சுகள் விட்ட தென்மூலையில் மட்டும் வெடித்ததாகக் கூறினார். இரவில் மரங்களில் அடையும் நாரைகளை அவர் ஒரு தொல்லையாகவே கருதவில்லை. "நாரை மீனத் தொடாது டீச்சர், அது நத்தைக்குப் பொறந்தது" என்றார்.

இந்தப் பேச்சில்தான் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு செய்தி கிடைத்தது. இரவுக் காவலுக்குத் தங்கும் அவருடைய ஆட்கள், விளக்கும் வலையுமாகக் கருவேல மரங்களின் பக்கம் வந்த வெளியூர் ஆட்களை இருமுறை விரட்டியிருந்தார்கள். டெல்டாவில் மடையான், கொக்கு, வாத்து ஆகியவற்றை வலை வைத்துப் பிடித்து விற்பது நெடுங்காலமாக நடந்துவரும் கொடுமை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. குத்தகை ரத்தாகியிருந்தால் ஏரியில் இரவுக் காவலும் போயிருக்கும். மாணவர்கள் எழுதிய முதல் மனு, அவர்கள் காக்க நினைத்த நாரைகளுக்கே ஆபத்தாக முடிந்திருக்கக்கூடும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பட்டாசைப் பற்றி ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மீன்குஞ்சுகள் இருக்கும் மூலையை மட்டும் தடித்த கயிற்று வலையால் மேலே மூடுவது, பட்டாசை நிறுத்துவது என்று முடிவாயிற்று. மெல்லிய நைலான் வலை பறவைகளைச் சிக்கவைக்கும் என்பதால் தடித்த கயிறு என்பதில் குழு உறுதியாக இருந்தது. கயிற்றுக்கான செலவில் ஒரு பகுதியைக் குழு ஏற்றது.

எடுத்த முடிவுகளும் கிராம சபையும்

ஜனவரி 26 கிராம சபைக்குச் சென்ற மனு முதலில் எழுதியதிலிருந்து முற்றிலும் வேறானது. குத்தகை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த முறை தூர்வாரும்போது கிழக்குக் கரையை ஒட்டி ஒரு பகுதியை ஆழப்படுத்தாமல் சரிவாக விட வேண்டும். வடகிழக்கு மூலையில் தாமரை மீண்டும் படர்வதற்கு இடம் தர வேண்டும். கரையில் உள்ள நாட்டுக் கருவேல மரங்களை ஏலம் விடக் கூடாது என்ற மூன்று கோரிக்கைகள் மட்டுமே இருந்தன.

எதிர்ப்பு வந்தது. வண்டல் எடுத்தவர்களில் பலர் சிறு விவசாயிகள். ஏரியின் கொள்ளளவு குறைந்தால் தாளடிக்கு ஒரு தண்ணீர் குறையும் என்று ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. மூத்த விவசாயி இதற்கு மறுமொழி கூறினார். கோரப்படும் பகுதி மதகின் மட்டத்துக்கு மேலே உள்ளது, அங்கு நிற்கும் நீர் எப்படியும் கடைசிப் பாசனத்துக்கு முன்பே வடிந்துவிடும், ஆகவே பாசன இழப்பு மிகக் குறைவு என்று அவர் தம் அனுபவத்திலிருந்து விளக்கினார். இதைக் கல்லூரி மாணவரோ நானோ சொல்லியிருந்தால் சபை ஏற்றிருக்காது. வயலில் நத்தையையும் நண்டையும் தின்று வரப்பைக் காப்பவை நாரைகள் என்று இன்னொரு விவசாயியும் சேர்த்துக்கொண்டார். தாமரை மூலையும் கருவேல மரங்களும் பற்றிய கோரிக்கைகள் தீர்மானமாயின. கிழக்குச் சரிவு பற்றியது நீர்வளத் துறையின் கருத்தைக் கேட்டு முடிவு செய்யப்படும் என்று ஒத்திவைக்கப்பட்டது.

செய்தியாளருக்குத் திருத்திய விவரங்கள் தரப்பட்டன. அவர் எதிர்பார்த்த செய்தி இல்லாததால் அது வெளிவரவில்லை. குழு அதைப் பொருட்படுத்தவில்லை.

ஏரியின் இருப்பிடத்தைப் பொதுவெளியில் விளம்பரப்படுத்துவதில்லை என்றும் முடிவாயிற்று. பட்டியல்கள் தளத்தில் தொடர்ந்து உரிய இடக்குறிப்போடு பதிவாகின்றன. அறிவியல் பயன்பாட்டுக்கு அது தேவை. ஆனால் நாரைகள் அடையும் மரங்களின் படங்களையும் அந்தி நேரக் கணக்குகளையும் சமூக ஊடகங்களில் இடுவது நின்றது. வலையோடு வந்தவர்கள் எதைப் பார்த்து வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆயினும் அவர்களுக்கு வழிகாட்டக்கூடிய எதையும் தருவது தேவையற்றது. இவ்வாய்வில் பெயர்கள் இல்லாததற்கும் இதுவே காரணம்.

பின்னர் நிகழ்ந்தவை

அடுத்த ஜனவரியில் குழு விடியல், அந்தி இரண்டிலும் எண்ணியது. நத்தைகுத்தி நாரைகள் முந்தைய ஆண்டின் மறு கணக்கெடுப்பில் கண்ட அளவிலேயே இருந்தன. நீலத் தாழைக்கோழிகள் சில, வடகிழக்கு மூலையில் முளைத்த கோரையில் மீண்டும் தென்பட்டன. தாமரை இன்னும் சரியாகப் படரவில்லை, இலைக்கோழி வரவில்லை. கிழக்குப் பகுதி ஆழமாகவே இருக்கிறது. நீலச்சிறகிகள் அவ்வாண்டும் சிலவே வந்தன. இரண்டு கல் தொலைவில் உள்ள இன்னொரு ஊரின் ஆழமற்ற தாங்கலில் அவை கூட்டமாக இருந்ததை மாணவர்கள் பதிவு செய்தனர். அந்தத் தாங்கலுக்கு முந்தைய ஆண்டுகளின் பட்டியல் எதுவும் இல்லை. அதனால் அவை இங்கிருந்து இடம் மாறியவையா, எப்போதும் அங்கே வருபவையா என்று சொல்ல வழியில்லை. பட்டியல் இல்லாத குளம் எவ்வளவு பெரிய இழப்பு என்பது இப்படித்தான் தெரியவருகிறது.

கயிற்று வலை ஓரளவு பயன் தந்ததாகக் குத்தகைதாரர் சொல்கிறார். காவல் ஆட்கள் இரவில் வருவோரைப் பற்றி ஆசிரியைக்குத் தொலைபேசியில் தெரிவிக்கிறார்கள். ஒருமுறை வனத்துறைக்குத் தகவல் போய், அலுவலர்கள் வந்து வலைகளைக் கைப்பற்றினர்.

இனி மாற்ற வேண்டியவை

இந்த ஊரில் இப்போது கடைப்பிடிக்கப்படும் மாற்றங்களில் முதன்மையானது, பொங்கலுக்கு மட்டும் எண்ணுவதை விட்டு, ஐப்பசி முதல் பங்குனி வரை மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று, விடியலில் ஒரே கால அளவில் எண்ணுவது. ஆண்டுக்கு ஒருநாள் எடுக்கும் கணக்கு அந்த நாளின் பனிக்கும் மழைக்கும் அறுவடைக்கும் அடிமையாகிவிடுகிறது. பொங்கல் கணக்கெடுப்பு மாநிலம் முழுமைக்குமான ஒரு காட்சியைத் தருவது. ஒற்றை ஏரியின் உயர்வு தாழ்வை அதைக் கொண்டு மட்டும் சொல்லக் கூடாது.

ஒவ்வொரு பட்டியலின் குறிப்புப் பகுதியிலும் வயல்களின் நிலை எழுதப்படுகிறது: நடவா, கதிரா, அறுவடை முடிந்ததா, உளுந்து தெளித்தாயிற்றா என்று. சம்பா அறுவடைக்குப் பின் ஈரம் காய்ந்த வயல்களை விட்டு உள்ளான்களும் கொக்குகளும் குளங்களுக்குத் திரும்புவதால், இந்த ஒரு வரி இல்லாமல் தை மாதக் கணக்கையும் மாசி மாதக் கணக்கையும் ஒப்பிட முடியாது. இவ்வரியை எழுதும் பொறுப்பு மூத்த விவசாயியுடையது. அவர் கைப்பேசியைத் தொடுவதில்லை. சொல்வார், மாணவி தட்டச்சு செய்வார். ஒன்றாக நின்று எண்ணியவர்களில் ஒருவர் மட்டும் பட்டியலிட்டு மற்றவர்களோடு பகிர வேண்டும் என்பது கண்டிப்பான விதியாகியிருக்கிறது. ஓர் இனம் குறைந்ததாகத் தோன்றினால், குறைந்தது இன்னும் இரண்டு முறை அதே முறையில் எண்ணாமல் அதை வெளியே சொல்வதில்லை.

தூர்வாரலுக்கு முன்பே ஏரியின் தாவரங்களையும் ஆழத்தையும் பதிவு செய்திருந்தால், இலைக்கோழியைப் பற்றிய கோரிக்கை ஒரு கோடை முன்னதாகவே ஊரின் முன் வைக்கப்பட்டிருக்கும் என்பது என் கருத்து. எந்த ஊரில் தூர்வாரும் பணி அறிவிக்கப்படுகிறதோ, அந்த ஊரின் குழு பறவைகளை எண்ணுவதோடு நிற்காமல், எந்த மூலையில் தாமரை, எங்கே கோரை, எங்கே முழங்கால் நீர் என்று ஒரு கைவரைபடமேனும் வரைந்து, பணி தொடங்கும் முன் ஊராட்சியிடம் தர வேண்டும். மண் வெட்டப்பட்ட பின் தரும் மனுவுக்குப் பயன் குறைவு.

நீர்மட்டத்தைக் குறிக்க மதகின் சுவரில் ஓர் அளவுகோல் வரைய அனுமதி கேட்டு நீர்வளத் துறைக்கு எழுதியிருக்கிறார்கள். அது கிடைக்கும்வரை, எண்ணும் நாளில் படித்துறையில் எத்தனை படிகள் நீருக்கு மேலே தெரிகின்றன என்பதைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுகிறார்கள்.